பூசணம் பிடித்தால் வீட்டுக்காரி மேல் பழியா?

அலமாரிக் கதவின் உட்புறம் வெள்ளையாகப் பூத்திருப்பதை விருந்தாளி பார்த்துவிட்டால் வீட்டுக்காரி கூசிப்போகிறாள். கூட்டித் துடைக்காத வீட்டில்தான் பூசணம் பிடிக்கும் என்ற எண்ணம் அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்ட வீடுகளிலும் மலாக்கா பட்டணத்து அடுக்குமாடிகளிலும் அப்படி ஊறிப்போயிருக்கிறது. மாமியார் மருமகளைச் சொல்கிறார், வீட்டுச் சொந்தக்காரர் குடியிருப்பவரைச் சொல்கிறார், நிர்வாகம் தொழிலாளியைச் சொல்கிறது. இந்த எண்ணம் தவறு. தவறாக மட்டும் இருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். ஆனால் கூரையையும் குழாயையும் பார்க்க வேண்டிய கண்களை இது துடைப்பத்தின் பக்கம் திருப்பிவிடுகிறது. பூசணம் கலந்த காற்றைச் சுவாசித்து இழுப்பு வந்து படுப்பது அந்த வீட்டுப் பிள்ளைகள்.

பூசணத்தின் வித்துகள் எல்லார் வீட்டுக் காற்றிலும் உண்டு. மூன்று வேளை கூட்டினாலும் இருக்கும். அதற்குத் தீனிக்கும் பஞ்சமில்லை: பலகை, காகிதம், தோல், சேலையில் போட்ட கஞ்சி எல்லாமே அதற்கு உணவுதான். அப்படியிருந்தும் பெரும்பாலான இடங்களில் அது முளைக்காமல் இருப்பதற்கு ஒரே காரணம், ஈரம் போதவில்லை என்பதே. ஒரு பொருளை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் அது முளைக்கத் தொடங்கும். மலாக்காவின் வெளிக்காற்றோ ஆண்டு முழுவதும் சராசரியாக அந்த அளவை ஒட்டியே இருக்கிறது. ஆக, காற்றோட்டமில்லாத ஒரு மூலையோ சிறு ஒழுக்கோ போதும். உறையில் போட்டு அலமாரியின் அடித்தட்டில் பத்திரப்படுத்திய கூறைச்சேலையில் பூசணம் பூக்கிறது. வாசலில் மிதிபட்டு வெயிலில் காயும் கால்மிதியில் பூப்பதில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் துடைத்துப் பூட்டிவிட்டுப் போன வீட்டைச் சில மாதம் கழித்துத் திறந்தால் சோபாவெல்லாம் வெள்ளை படர்ந்திருக்கிறது. அழுக்காக்க ஆளே இல்லாத வீட்டில் யாருடைய சோம்பலைக் குற்றம் சொல்வது?

ஒரே வரிசையில் பத்து வீடு இருக்க, ஒரு வீட்டில் மட்டும் பிடிக்கிறதே, அது எப்படி என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வரிசைக் கடைசி வீட்டின் பக்கச்சுவர் சாரலை நேராக வாங்குகிறது. நடுவீட்டுக்கு அந்தச் சுவரே கிடையாது. ஒரு வீட்டின் படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் குளியலறைக் குழாய் ஓடுகிறது, இன்னொன்றில் ஓடவில்லை. ஏழு பேர் சமைத்து, குளித்து, மழைநாளில் உள்ளேயே துணி உலர்த்தும் சின்ன வீட்டில் கலக்கும் நீராவி, இரண்டு பேர் இருக்கும் வீட்டில் இருக்காது. வசிக்கும் விதமும் ஈரத்தைக் கூட்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் துணி காயப்போடக் கொடி கட்ட இடமில்லாத மாடிவீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, உள்ளே ஏன் காயப்போட்டாய் என்று கேட்பது அநியாயம்.

பாட்டி காலத்துத் தோட்ட வீட்டில் இதெல்லாம் ஏது என்பது இன்னொரு வாதம். பாட்டியின் உழைப்பை யாரும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பலகைச் சுவரில் இடுக்குண்டு, தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளியுண்டு, விறகடுப்பின் சூடு நாள் முழுவதும் உண்டு. சுவரோடு ஒட்டி நிற்கும் பிளைவுட் அலமாரியும் இல்லை, அதில் திணிக்க அத்தனை துணியும் இல்லை. ஈரம் வந்த வழியிலேயே வெளியே போனது.

துடைத்தால் போகும் என்று நம்புகிறவர்கள் செய்வதைப் பாருங்கள். முதலில், வெள்ளையாக இருப்பதெல்லாம் பூசணம் இல்லை. சிமெண்டிலும் செங்கல்லிலும் மட்டும் பூத்து, விரலில் நறநறவென்று இருந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் கரைந்தால் அது சுவரின் உப்பு. பலகையிலும் துணியிலும் தோலிலும் பஞ்சாக அல்லது மாவாகப் படர்ந்து, விரலில் இழுபட்டு, புழுங்கிய வாடை அடித்தால் பூசணம். உப்புக்கும் காரணம் சுவருக்குள் இறங்கும் தண்ணீர்தான். அதைத் தேய்ப்பதால் ஒன்றும் ஆகாது. பூசணம் என்று தெரிந்தால் உடனே குளோராக்ஸ் என்னும் வெளுப்பானை ஊற்றுகிறார்கள். ஓடு பதித்த தரையில் அது வேலை செய்யும். பலகையிலோ அதன் குளோரின் மேலோடு நின்றுவிடுகிறது, கூடவந்த தண்ணீர் உள்ளே இறங்குகிறது. குளோராக்ஸோடு கழிவறை கழுவும் அமிலத்தையோ வினிகரையோ கலந்துவிட்டால் நச்சு வாயு கிளம்பும்; சின்ன குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. முகக்கவசம் போட்டு, சன்னலைத் திறந்து, சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, விசிறி போட்டு முற்றிலும் காயவிடுவதே சரி. காய்ந்த துணியால் தட்டினால் வித்து வீடெங்கும் பறக்கும். ஊறி உப்பிய பிளைவுட்டையும் மெத்தையையும் தூக்கிப் போடத்தான் வேண்டும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைப்பதும், தண்ணீர் புகுந்தால் ஓரிரு நாளுக்குள் உலர்த்துவதும் குடியிருப்பவர் கையில் உள்ளவை. ஒழுகும் கூரையை மாற்றுவது அவர் கையில் இல்லை.

வாழும் விதத்தைக் குறை சொல்லியே காலம் கடத்தினால் என்ன நடக்கும் என்பதை இங்கிலாந்து பார்த்துவிட்டது. ரோச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டுப் பூசணத்தை நெடுநாள் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்மானித்தார். தந்தை புகார் செய்துகொண்டே இருந்தார். குடும்பத்தின் வாழ்க்கைமுறைதான் காரணம் என்று வீட்டு நிர்வாகம் தானாக முடிவு கட்டிக்கொண்டது. அதன்பிறகுதான் பூசணப் புகாரைக் குறித்த காலத்துக்குள் விசாரித்துச் சரிசெய்ய வேண்டும் என்ற சட்டம் அங்கே வந்தது.

நம் நாட்டுச் சட்டமும் துடைப்பத்தைப் பற்றிப் பேசவில்லை. தோட்டத் தொழிலாளர் வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது 1990-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம். அதை அமல்படுத்துவது தொழிலாளர் இலாகா. அடுக்குமாடியில் மேல்தளத்திலிருந்து நீர் கசிந்தால், கோளாறு மேல்வீட்டில் என்றே தொடக்கத்தில் கருதி, புகார் கிடைத்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் பார்வையிட வேண்டும் என்கின்றன 2015-ஆம் ஆண்டின் விதிமுறைகள். வெட்கப்பட்டு மூடி வைப்பதால் இந்த உரிமைகள் கேட்கப்படாமலே கிடக்கின்றன. தீபாவளிக்குச் சாயம் அடித்து மறைக்கும் முன், அந்தச் சுவரைப் படம் எடுத்து, தேதி போட்டு, நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.