குட்டி யானைக்கு ஓர் இழுப்பறை

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் சிவகிரியைத் தாண்டினால் வாசுதேவநல்லூர். மேற்கே மலை, கிழக்கே வயலும் தோப்பும். காலை வேளையில் அந்தச் சாலையோரம் சற்று நின்று பாருங்கள். பம்ப் செட் மெக்கானிக், குழாய் வேலைக்காரர், ஒயரிங் வேலைக்காரர் என்று ஒருவர் பின் ஒருவராகச் சின்னச் சரக்கு வண்டியில் கிளம்புவார்கள். டாட்டா கம்பெனி 2005ஆம் ஆண்டில் அந்த வண்டியைக் கொண்டுவந்தது. வைத்த பெயரை விட்டுவிட்டு ஜனங்கள் அதைக் 'குட்டி யானை' ஆக்கிவிட்டார்கள்.

யானையின் முதுகில் என்ன இருக்கிறது? கோணிப்பை நிறையச் சாமான். பெயின்ட் டப்பாவில் நட்டும் போல்ட்டும். கயிற்றுச் சுருளுக்குள் சிக்கிய சுத்தியல். எல்லாவற்றுக்கும் அடியில் ஜாக்கி. தோப்புக்குள் போய்ச் சேர்ந்து, "பதினேழாம் நம்பர் ஸ்பானர் எங்கேடா தம்பி?" என்று மெக்கானிக் கேட்டால், உதவியாள் பையன் சாக்கைத் தலைகீழாகக் கொட்டுவான். கிணற்றடியில் காத்திருக்கும் விவசாயி வானத்தைப் பார்ப்பார்.

இப்படித் தேடுவதில் நாளொன்றுக்கு அரை மணி போகிறது என்று வையுங்கள். மாதம் 25 நாள் வேலை என்றால் பன்னிரண்டரை மணி நேரம். ஒன்றரை நாள் சம்பாத்தியம் சாக்குக்குள் போய்விட்டது! இதற்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? திடீரென்று பிரேக் போட்டால் அந்த ஜாக்கி முன்னே பாயுமே, அது வேறு சங்கதி.

வண்டியின் தளத்தில் ஓர் இழுப்பறைப் பெட்டி செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. கடையில் வாங்கிய பெட்டி அல்ல, உள்ளூர்த் தச்சரிடம் சொல்லிச் செய்துகொண்ட பெட்டி.

இது புதுமையும் அல்ல. கடுகும் மிளகும் கலக்காமல் இருக்க நம் பாட்டிமார் அஞ்சறைப்பெட்டி வைத்திருந்தார்கள். தூர தேசம் ஓடும் நம் லாரிகளின் பக்கவாட்டில் தொங்கும் பெட்டிக்குள் அடுப்பும் அரிசியும் சட்டியும் இருக்கும். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து மாட்டுப் பண்ணைக்காரர் சார்லஸ் குட்நைட் என்பவர், 1866ஆம் ஆண்டில், பட்டாளத்துப் பழைய வண்டி ஒன்றின் பின்புறத்தில் இழுப்பறைகளும் தட்டுகளும் கொண்ட பெட்டியைப் பொருத்தினார். அதன் மூடியைத் திறந்து இறக்கிக் காலை ஊன்றினால் அதுவே சமையல்காரனுக்கு மேசை. பல நூறு மைல் மாட்டு மந்தையோடு நடந்த ஆட்களுக்கு அந்த வண்டிதான் சோறு போட்டது. வண்டியில் வாழ்ந்தவருக்குத்தான் வண்டியில் எது எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்தது.

சரி, எப்படிச் செய்வது? குட்டி யானையின் தளம் சுமார் ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். பக்கத் தகடு ஓரடி உயரம். பெட்டி அந்த ஓரடிக்குள் அடங்கிவிட்டால் அதன் மேல்பலகையே இன்னொரு தளமாகிவிடும். குழாயும் ஏணியும் அதன்மேல் போகலாம்.

ஏழடிக்கும் இழுப்பறை வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. வேண்டாம். அவ்வளவு நீளத்தை நிரப்பி இழுத்தால் முனை தாழ்ந்து மண்ணைத் தொடும். பின்பக்கம் மூன்றரை அடியில் இரண்டு இழுப்பறை பக்கம் பக்கமாக இருந்தால் போதும். முழுக்க வெளியே வராதபடி உள்ளே ஒரு தடைக்கட்டை அடித்துவிட வேண்டும். முன்பாதியை மேலே மூடி வைத்த குழியாக விட்டு, ஜாக்கி, மோட்டார் போன்ற கனத்த சாமான்களை அதில் வைக்கலாம். கனம் வண்டியின் வாலில் தொங்கக் கூடாது.

கனம் என்றதும் முக்கியமான கணக்கு ஒன்று. முக்கால் அங்குலக் கனமுள்ள எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை ஒன்றே 35 கிலோவுக்கு மேல் இருக்கும். அதில் இரண்டும், அரை அங்குலப் பலகை ஒன்றும் செலவானால் பெட்டி மட்டும் 100 கிலோவை நெருங்கும். வண்டி சுமக்கக் கூடியதோ சுமார் 750 கிலோ. இடத்தைப் பார்த்துப் பெட்டி செய்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இரும்புத் தகட்டில் செய்த இழுப்பறைகளைக் காட்டி மயக்கும் விளம்பரங்களுக்கும் என் பதில் இதுதான். அவை பெரிய வண்டிகளுக்கு ஏற்பட்டவை. விலை ஒரு பக்கம் இருக்கட்டும், கனத்தை யார் சுமப்பது?

குண்டு உருளும் தண்டவாளம் அழகாகத்தான் ஓடும். ஆனால் நம் செம்மண் புழுதி புகுந்தால் ஒரு மாதத்தில் முரண்டு பிடிக்கும். வழவழப்பான மரச்சட்டத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து விட்டால் புழுதியை லட்சியம் செய்யாது. மூலைகளை விரல் கோத்தாற்போலக் கோத்துப் பசையிட வேண்டும். வெறும் ஆணி, செங்கோட்டைக்கு அப்பால் மலைப்பாதையில் நாலு தடவை ஏறி இறங்கினால் இளகிவிடும். சாரலிலும் ஐப்பசி மழையிலும் மரம் ஊதும். ஆகவே பக்கத்துக்கு அரைக்கால் அங்குலம் இடைவெளி விடுவது நல்லது. பெட்டியின் அடியிலும் ஓர் அங்குலக் கட்டைகள் கொடுத்துத் தூக்கி வைத்தால் தண்ணீர் வடியும், தளம் துருப்பிடிக்காது. தாழ்ப்பாள் அவசியம். ஏற்றத்தில் இழுப்பறை தானாகத் திறந்தால் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர் என்ன பாவம் செய்தார்? பெட்ரோல் டப்பாவை மட்டும் இதற்குள் பூட்டாதீர்கள்.

பெட்டியை வெல்ட் செய்யக் கூடாது. கழற்றக்கூடிய போல்ட்டில்தான் நிற்க வேண்டும். பதிவுச் சான்றில் கண்டதற்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. சந்தேகமிருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடலாம்.

எனக்கு ஒரு மனக்குறை. வண்டி செய்கிறவர்கள் டிரைவருக்குப் பாட்டுப் பெட்டி வைக்க இடம் விடுகிறார்கள். கைத்தொழிலாளிக்கு வெறும் தொட்டியைத்தான் கொடுக்கிறார்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் கைகளுக்கு இது பெரிய காரியமா? நான்கு வகைத் தொழிலுக்கு நான்கு வகைப் பெட்டி என்று மாதிரி செய்து வைத்தால் வாங்குகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். தொழிற்பயிற்சி நிலையப் பையன்களுக்கும் இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாக்கை வீட்டுத் திண்ணையில் கொட்டுங்கள். தினம் எடுப்பது, வாரம் ஒரு தடவை எடுப்பது, எதற்கு வைத்திருக்கிறோம் என்றே தெரியாதது என்று மூன்றாகப் பிரித்துவிட்டு, அதன்பிறகு தச்சரைக் கூப்பிடுங்கள். மூன்றாவது குவியல்தான் பெரிதாக இருக்கும். அதற்குப் பலகை வாங்க வேண்டாம்.