காணியற்றோர் வீட்டில் விருந்தா?

ஊவா மலைநாட்டின் எழில் உலகறிந்த செய்தி. தெமோதரையில் 1921 ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் அந்நிய நாட்டாரை ஈர்க்கின்றது. ஹப்புத்தளைக்கு மேலே, லிப்டன் துரை அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிட்டதாகச் சொல்லப்படும் குன்றில் ஏறி நின்று அவர்கள் தேயிலையின் பசுமையை வியக்கின்றனர். கொஸ்லந்தைக்கு அருகே 220 மீற்றர் உயரத்தினின்று வீழும் தியலுமை அருவியில் மனம் பறிகொடுக்கின்றனர். மகிழ்ச்சியே! வந்தாரை வரவேற்பது தமிழர் பண்பு. ஆயினும், அந்தப் பசுமையை வளர்த்த கைகளுக்கு இவ்வருவாயிற் கிட்டிய பங்கு யாது?

2016 ஆம் ஆண்டு ஒக்டோபரில், அந்நாள் வட மாகாண முதலமைச்சர் திரு. சி. வி. விக்னேஸ்வரன் அவர்கள், யாழ்ப்பாணத்துக்கும் இலண்டனைச் சேர்ந்த கிங்ஸ்ரனுக்கும் இடையே இரட்டை நகர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டார். கடலோரப் பட்டினம் தேடிய அத்தகைய உறவை மலைநகராம் பதுளையும் தேடலாம். இயற்கையைக் கெடுக்காது சுற்றுலா நடத்தும் முறையை, அதிற் கைதேர்ந்த வெளிநாட்டு மலைநகரொன்றிடம் கற்பதில் இழுக்கில்லை. ஆனால், நகரும் நகரும் கைகுலுக்கும்போது தோட்டம் எங்கே நிற்கும்?

இது வீண் ஐயமன்று. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபை நிதியைத் தோட்டங்களுக்குள்ளே செலவிடுவதற்குப் பெருந்தடையாய் நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்தனர். அவ்வாக்கால் அமைந்த சபையோ அவர்தம் பாதையைச் செப்பனிட வழியின்றிக் கைகட்டி நின்றது. 2018 ஆம் ஆண்டிலேதான் அச்சட்டம் திருத்தப்பட்டது.

காணியின் கதை இன்னும் கொடிது. தோட்டக் காணி அரசினுடையது. 1992 முதல் அதன் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. தொழிலாளி ஒருவர் லயத்தின் ஓரத்தில் தேநீர்க் கடை திறக்கவோ, ஓர் அறை கட்டி விருந்தினரைத் தங்கவைக்கவோ விரும்பினால், காணி உறுதிக்கு எங்கே போவார்? உறுதி இல்லையேல் வங்கிக் கடன் இல்லை. கடன் இல்லையேல் தொழில் இல்லை. 7 பேர்ச் என்றும் 10 பேர்ச் என்றும் ஆட்சிக்கு ஆட்சி பேசினர். பேச்சு வளர்ந்த அளவுக்கு உறுதிகள் வளரவில்லை.

தியலுமையைக் காண வருவோர் கொஸ்லந்தை மீரியபெத்தையையும் அறிதல் வேண்டும். முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த அந்த மலைச்சரிவு, 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயலின் பெருமழையால் பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளுக்கு உயிர்களைப் பலி கொடுத்தது. தொழிலாளரை ஆபத்தான சரிவிலே விட்டுவிட்டு, மறுசரிவை வெட்டி விடுதி எழுப்புவது இயற்கைச் சுற்றுலா ஆகாது.

ஆகவே நாம் கோருவன நான்கு. முதலாவது, தோட்டக் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான நிலத்திற் காணி உறுதி. இரண்டாவது, காட்சியிடங்களில் அறவிடும் கட்டணத்தில் ஒரு பகுதி அயற்றோட்டங்களின் பாதைக்கும் குடிநீருக்கும் செல்லுதல். மூன்றாவது, விடுதிகளுக்கு வேண்டிய காய்கறியையும் கிழங்கையும் வெலிமடை, பண்டாரவளை விவசாயிகளிடம் நேரே வாங்குதல். நான்காவது, எந்த நகருடன் உடன்படிக்கை செய்யினும் அதன் குழுவில் தோட்ட மக்களின் பிரதிநிதிகளுக்கு இடம்.

பதுளையின் தமிழ்ச் சட்டத்தரணிகளும் பொறியியலாளரும் ஆசிரியரும் இக்கோரிக்கைகளை எழுத்தில் வடித்து மாநகர சபையின் முன் வைத்தல் வேண்டும். படித்தோர் மௌனம் காத்தால் பாமரர் பங்கு பறிபோகும்.

1890 இல் வந்த லிப்டன் துரை தேயிலையை விற்றுச் செல்வம் சேர்த்தார். இன்று தேயிலைமலையின் காட்சியை விற்றுப் பிறர் செல்வம் சேர்க்கின்றனர். கொழுந்து பறித்த கை இருமுறையும் வெறுங்கையாய் இருத்தல் நீதியன்று. வெளிநாட்டு நகரோடு உறவு வேண்டும். அதற்கு முன்னே, பதுளை நகருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் உறவு வேண்டும்!