அண்ணே, இங்கேயே நிறுத்துங்க!



அமெரிக்காவில் மகன், மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பும் பெற்றோர் இப்போது ஊருக்கு வந்ததும் முதலில் சொல்வது, டிரைவர் இல்லாத காரில் போன கதையைத்தான். ஃபீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலிஸ் நகரங்களில் வேமோ கார்கள் டாக்சியாகவே ஓடுகின்றன. 2009-ல் கூகுள் தொடங்கிய முயற்சி இது. 2020 அக்டோபரில் ஃபீனிக்ஸில் பொதுமக்கள் எல்லோருக்கும் இந்தச் சவாரி திறந்துவிடப்பட்டது.

கார் தானாக எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். எனக்கு வேறொரு கேள்வி. உள்ளே உட்கார்ந்திருப்பவர் யாரிடம் பேசுவார்?

டிரைவர் செய்வது ஓட்டுகிற வேலை மட்டுமா? வண்டி ஏன் நிற்கிறது என்று கேட்டால், "முன்னாடி ஆம்புலன்ஸ் போகுதும்மா" என்பார். குழந்தைக்குக் குமட்டுகிறது என்றால் உடனே ஓரம் கட்டுவார். பாட்டி ஏறி உட்கார்ந்து, புடவையை உள்ளே இழுத்துக்கொள்ளும் வரை பொறுத்திருந்துதான் கதவைச் சாத்துவார். இதையெல்லாம் ஒரு வேலை என்று நாம் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அந்த வேலையையும் இயந்திரத்துக்குப் பழக்க 2016-லேயே ஒரு முயற்சி நடந்தது. வாஷிங்டனுக்கு அருகே, மேரிலாந்தின் நேஷனல் ஹார்பரில் 'ஆலி' என்ற குட்டி மின்சாரப் பேருந்தை லோக்கல் மோட்டார்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்தது. 12 பேர் உட்காரலாம். ஐபிஎம்மின் வாட்சன் என்ற செயற்கை நுண்ணறிவு அதில் பயணிகளுக்குப் பதில் சொல்லும். எப்போது போய்ச் சேருவோம், பக்கத்தில் நல்ல சாப்பாட்டுக் கடை எது என்று சாதாரணமாகப் பேசிக் கேட்கலாம். 2022-ல் அந்த நிறுவனம் மூடப்பட்டது. ஆனாலும் பயணி கேள்வி கேட்பார் என்று முன்கூட்டியே யோசித்தார்களே, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

வேமோ காரில் கூரை மேல் இருக்கும் சின்னத் திரையில் உங்கள் பெயரின் முதலெழுத்துகள் தெரியும்; அதைப் பார்த்து நம் வண்டி என்று கண்டுகொள்ளலாம். ஏறியதும் ஒரு குரல் வரவேற்று, சீட் பெல்ட் போடச் சொல்லும். உள்ளே இருக்கும் திரையில் சுற்றியுள்ள சாலை அப்படியே படமாக ஓடும். குறுக்கே நடப்பவர், சைக்கிளில் போகிறவர், பக்கத்து வண்டி எல்லாமே அதில் உருவங்களாகத் தெரியும். 'அந்தப் பெரியவர் ரோட்டைக் கடப்பது இந்தக் காருக்குத் தெரிகிறதா?' என்ற பதைபதைப்பு, திரையில் அவர் உருவத்தைப் பார்த்ததும் அடங்கிவிடும். நடுவழியில் இறங்க ஒரு பட்டன், உதவிக்கு ஆளைக் கூப்பிட இன்னொரு பட்டன்.

சரி, திரையைப் பார்க்க முடியாதவர் என்ன செய்வார்? 2015-ல் டெக்சாஸின் ஆஸ்டினில், ஸ்டியரிங்கும் பெடலும் இல்லாத கூகுள் காரில் தன்னந்தனியாகப் பயணம் செய்த ஸ்டீவ் மஹன் பார்வையற்றவர். ஆளில்லா வண்டியால் அதிகம் பயன் அடையப் போகிறவர்கள் இவரைப் போன்றவர்களும், வண்டி ஓட்ட முடியாத முதியவர்களும்தான். அவர்களுக்குக் காரின் குரல்தான் துணை. பேச்சைப் புரிந்துகொள்ளும் செயற்கை நுண்ணறிவு உண்மையில் இங்கேதான் தேவை.

அதற்காக எல்லாப் பொறுப்பையும் அந்தக் குரலிடமே விட்டுவிடலாமா? கூடாது என்பதுதான் என் கருத்து. 2025 தொடக்கத்தில் செய்தியான ஒரு சம்பவம். அரிசோனாவில் விமானத்தைப் பிடிக்கக் கிளம்பிய ஒருவரின் வேமோ கார், பார்க்கிங் இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. உதவி மையத்தோடு அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். காரும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எவ்வளவு பணிவாகப் பதில் சொன்னாலும் வண்டி நிற்காவிட்டால் என்ன பயன்? ஹோட்டல் பெயரை இயந்திரம் தப்பாகச் சொன்னால் ஒரு வேளைச் சாப்பாடு கெடும், அவ்வளவுதான். 'நிறுத்து' என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டால்? அதற்குக் கையால் தடவியே கண்டுபிடிக்கக்கூடிய ஒரு பட்டனும், அந்தப் பக்கம் நிஜ மனிதர் ஒருவரும் எப்போதும் இருந்தாக வேண்டும்.

மொழியும் முக்கியம். சிங்கப்பூர் ரயில்களில் எச்சரிக்கை அறிவிப்பு தமிழிலும் வருகிறது. ஆங்கிலம் பேசாத அம்மாவைத் தனியாக ஏற்றி அனுப்பும் நாள் வருமானால், "தம்பி, கொஞ்சம் நிறுத்துப்பா" என்பதும் அந்தக் காருக்குப் புரிய வேண்டும். அந்த வண்டிகளுக்கு மென்பொருள் எழுதும் வேலையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால், இதை அவர்கள் காதில் போட்டு வையுங்கள்.

அமெரிக்கா கிளம்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காரில் ஏறியதும், இறங்கும் பட்டனும் உதவிப் பட்டனும் எங்கே இருக்கின்றன என்று பிள்ளைகளைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்து வைத்துக்கொண்ட பிறகு வண்டி புறப்படட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்