கட்டுப்படியாகாத கிழவிகள்

அறுபது வயதான எல்லோருக்கும் வரிப்பணத்திலிருந்து ஓய்வூதியம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். "நாடு தாங்குமா?" என்று உடனே ஒரு குரல் எழும். நான் பார்த்தவரை அந்தக் குரல், மாதம் பிறந்தால் தன் கணக்கில் ஓய்வூதியம் வந்து விழும் ஓர் ஆணுடையது.

கணக்குப் போட்டே பார்ப்போம். இன்று இந்தியாவில் அறுபதைக் கடந்தவர்கள் சுமார் 15 கோடி. தமிழ்நாட்டில் கொடுக்கும் 1,200 ரூபாயை அத்தனை பேருக்கும் மாதாமாதம் கொடுத்தால் ஆண்டுக்கு 2.16 லட்சம் கோடி. மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கு வரியைக் குறைத்தபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று நிதியமைச்சரே சொன்னார். நாடு தாங்குமா என்று இவர்கள் அன்று கேட்டு நான் பார்க்கவில்லை.

"கிழடுகள் பெருகிக்கொண்டே போகிறதே?" பெருகட்டும். 2050-ல் ஐந்தில் ஒருவர் அறுபதைக் கடந்திருப்பார் என்கிறது ஐ.நா. மதிப்பீடு, இன்று ஏறக்குறைய பத்தில் ஒருவர். தலா வருமானம் உயர உயர ஓய்வூதியத்தையும் உயர்த்தினால்கூட, உற்பத்தியில் அதன் பங்கு இரண்டு மடங்காகும், அவ்வளவுதான். ஒன்றரை சதவீதத்தைத் தொடாது. (1,200 ரூபாயில் யார் வாழ முடியும் என்பது வேறு சண்டை. 60 முதல் 79 வயதுவரை உள்ள ஏழைகளுக்கு மத்திய அரசு தரும் பங்கு 2007 முதல் 200 ரூபாயிலேயே நிற்கிறது.)

ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்பார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். என் அத்தை நாற்பது வருஷம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். மனுவோடு போனவரிடம் கேட்ட முதல் கேள்வி, "மகன் இருக்காராம்மா?" இருக்கிறார். அதோடு முடிந்தது. மகன் போனை எடுப்பதில்லை என்பதற்கு எந்த அதிகாரி சான்றிதழ் தருவார்? 'ஆதரவற்றவர்' என்று எழுதி வாங்க வேண்டுமானால், பெற்ற பிள்ளை கைவிட்டுவிட்டான் என்று ஊரறியச் சொல்ல வேண்டும். அத்தை சொல்லவில்லை. வீட்டு வருமானத்தை அளக்கிறார்கள். வீட்டுக்குள் காசு யார் கையில் இருக்கிறது என்று எவரும் அளப்பதில்லை. நேபாளம் 1995-ல், நம்மைவிட ஏழையாக இருந்தபோதே, வருமானம் பார்க்காமல் 75 வயதுக்காரர்களுக்கு 100 ரூபாயில் தொடங்கியது. இன்று அங்கே 68 வயதில் 4,000 நேபாள ரூபாய்.

இன்னொரு உபதேசமும் உண்டு: சம்பாதித்தபோதே சேமித்திருக்கலாமே. எதிலிருந்து? சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2019-ல் அரசே எடுத்த கணக்கு இது. அந்த நிமிடங்களுக்கு வருங்கால வைப்புநிதி பிடிப்பதில்லை. வரி மட்டும் உண்டு, பல்பொடி வரைக்கும். 'வரி கட்டுபவன் பணம்' என்று ஆண்பாலில் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்கிறார்கள். 2015-ல் ரத்து செய்த செல்வ வரியை ஒழுங்காக வசூலிக்கிறபடி திருத்திக் கொண்டுவரட்டும். அங்கிருந்து தொடங்கலாம்.