முதியோரின் ஊக்கமின்மை: குறுகிய வினாத்தாள்கள் காட்டுவதும் காட்டத் தவறுவதும்

ஆரம்ப சுகாதார நிலையங்களின் களப்பணியாளர்கள் 30 வயதைக் கடந்தோருக்கு நிரப்பும் சமுதாய மதிப்பீட்டுப் படிவத்தில், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புற்றுநோய் பற்றிய கேள்விகளுடன் மனநலம் குறித்த இரண்டு கேள்விகளும் இடம்பெற்றுள்ளன. கடந்த இரண்டு வாரங்களில் செயல்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்திருந்ததா என்பது முதலாவது. மனம் தளர்ந்து, நம்பிக்கையற்று இருந்தீர்களா என்பது இரண்டாவது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. மொத்தம் 3-ஐத் தாண்டினால் மருத்துவ அலுவலரிடம் அனுப்புமாறு படிவம் கூறுகிறது.

எதிலும் ஆர்வமற்று அமர்ந்திருக்கும், ஆனால் துயரம் ஏதும் இல்லாத ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். முதல் கேள்விக்கு அவர் முழு மதிப்பெண் பெற்றாலும் மொத்தம் 3 மட்டுமே. அந்த வரம்பைத் தாண்டமாட்டார். இது படிவத்தின் குறை அன்று. மனச்சோர்வைக் கண்டறியவே அக்கேள்விகள் அமைக்கப்பட்டன. ஆனால் இதனால் ஊக்கமின்மை உள்ள முதியோர் பலர் கணக்கில் வராமல் போகக்கூடும்.

மருத்துவத்தில் ‘அப்பதி’ எனப்படும் ஊக்கமின்மை, மனச்சோர்விலிருந்து வேறானது. மனச்சோர்வு உள்ளவர் வருந்துகிறார், தம்மையே குறை கூறிக்கொள்கிறார், சில வேளை வாழ விருப்பமில்லை என்கிறார். ஊக்கமின்மை உள்ளவருக்கு அந்த வேதனை பெரும்பாலும் இருப்பதில்லை. குளிக்கச் சொன்னால் குளிப்பார். சொல்லாவிட்டால் மாலை வரை அமர்ந்திருப்பார். தானாகச் செயல்படுதலும் சிந்தித்தலும், உணர்ச்சி, பிறருடன் பழகுதல் ஆகிய மூன்றில் இரண்டிலேனும் முந்தைய நிலையிலிருந்து தெளிவான சரிவு குறைந்தது 4 வாரங்கள் நீடிக்க வேண்டும் என 2018-இல் பன்னாட்டு வல்லுநர் குழு வரையறுத்தது. இரண்டு நிலைகளும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவதும் உண்டு.

முதியோருக்கான மனச்சோர்வு அளவுகோலின் 15 கேள்விகளுள் மூன்றை மட்டும் எடுத்து ஊக்கமின்மையை அளக்கும் வழக்கம் ஆய்வுகளில் பரவியுள்ளது. பல செயல்களையும் ஈடுபாடுகளையும் கைவிட்டீர்களா? வெளியே சென்று புதியவற்றில் ஈடுபடுவதைவிட வீட்டில் இருப்பதையே விரும்புகிறீர்களா? உடலில் தெம்பு நிறைந்திருப்பதாக உணர்கிறீர்களா? இம்மூன்றில் இரண்டு விடைகள் பாதகமாக அமைந்தால் ஊக்கமின்மை இருக்கலாம் எனக் கொள்ளப்படுகிறது. இரண்டு நிமிடம்கூடத் தேவைப்படாது என்பதே இதன் பெரும் கவர்ச்சி.

ஆனால் இந்தக் கேள்விகளை நம் வீடுகளில் வைத்துப் பார்க்க வேண்டும். மூட்டுவலியால் படியிறங்க இயலாத மூதாட்டி வீட்டிலிருப்பதையே விரும்புவார். கண்புரை உள்ளவர் இருட்டியபின் வெளியே செல்லமாட்டார். கணவரை இழந்தபின் விசேஷங்களுக்குச் செல்வதைத் தவிர்க்கும் பெண்மணி கைவிட்டது ஆர்வத்தையா, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிச் சில இடங்களையா? தெம்பின்மைக்கு இரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, இதயச் செயலிழப்பு எனப் பல காரணங்கள் உண்டு. இவர்கள் அனைவரும் மூன்று கேள்விகளில் ‘ஊக்கமற்றோர்’ ஆகிவிடலாம். மறுபுறம், நெதர்லாந்தில் விரிவான அளவுகோலுடன் ஒப்பிட்ட ஆய்வுகளில், உண்மையாகவே ஊக்கமின்மை உள்ள பலரை இக்கேள்விகள் தவறவிட்டதும் தெரியவந்தது. பெரும் எண்ணிக்கையிலான மக்களிடையே நிலவரத்தை அறிய இவை உதவலாம். ஒரு தனிநபருக்கு இன்ன நோய் என்று முடிவு கட்ட உதவா என்பதே என் கருத்து.

மற்றொரு சிக்கல், விடை சொல்பவர் யார் என்பது. ஊக்கமின்மை உள்ளவர் குறைபட்டுக்கொள்வதில்லை. ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்பார். இதை உணர்ந்தே, 1991-இல் ராபர்ட் மாரின் உருவாக்கிய 18 கேள்விகள் கொண்ட அளவுகோல், முதியவர், அவரை அறிந்த உறவினர், மருத்துவர் ஆகிய மூவருக்கும் தனித்தனி வடிவங்களைக் கொண்டுள்ளது. நீங்கள் பராமரிப்பவராயின் உங்கள் சொல்லும் பரிசோதனையின் ஒரு பகுதியே. முதியவரை வெளியே அமர்த்திவிட்டுச் சில நிமிடம் பேச வேண்டும் என மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்கலாம். நினைவாற்றல் சிகிச்சை மையங்களை நாடியவர்களிடம் நடந்த ஆய்வுகளின் தொகுப்பில், ஊக்கமின்மை உள்ளோருக்கு மறதி நோய் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காகக் காணப்பட்டது. மருந்தைத் தாமாக எடுக்காததால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுமீறுவது அன்றாடம் காணும் விளைவு. மனச்சோர்வு எனத் தவறாகக் கருதித் தரப்படும் சில மாத்திரைகள், சிலரிடம் உணர்ச்சி மழுங்கலையும் ஊக்கக் குறைவையும் தாமே உண்டாக்கக்கூடும். வீட்டிலோ ‘சோம்பல்’, ‘பிடிவாதம்’ என்ற பெயர் விழுகிறது. கடிந்துகொள்வதால் மூளையின் செயல்தூண்டல் சீராவதில்லை.

மருத்துவரிடம் செல்லுமுன் ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: ஆறு மாதங்களுக்கு முன் யாரும் சொல்லாமலே அவர் செய்தவை எவை, இன்று அவற்றுள் எஞ்சியவை எவை. பேரப்பிள்ளை வந்தால் முகம் மலர்கிறதா, நீங்கள் தொடங்கி வைத்தால் தொடர்கிறாரா என்பனவும் முக்கியம். உண்ணும் மருந்துகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். காது கேட்கும் திறன், தைராய்டு, வைட்டமின் பி12, இரத்தத்தில் சோடியம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டுமா எனக் கேளுங்கள். வீட்டில், ‘என்ன செய்ய விருப்பம்?’ என்று வினவுவதைவிட, கீரையை முன்னால் வைத்து உடன் அமர்ந்து ஆயத் தொடங்குவது பெரும்பாலும் பயன் தரும்.

ஊக்கமின்மை மாதக்கணக்கில் மெல்ல வருவது. நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் பேச்சற்று, தூங்கியவாறே இருந்தால் எந்த வினாத்தாளுக்கும் காத்திருக்க வேண்டாம். அது நோய்த்தொற்று, சோடியம் குறைவு, பக்கவாதம், தலையில் இரத்தக் கசிவு ஆகியவற்றின் அறிகுறியாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். மனநல ஆலோசனைக்கு டெலிமனாஸ் 14416, முதியோர் உதவிக்கு 14567 ஆகிய எண்களைக் கட்டணமின்றித் தொடர்புகொள்ளலாம்.