நாம் பிடித்த முயலுக்கு மூன்று கால்

வீம்பு பேசுபவர்களைப் பார்த்து, "தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்" என்று சொல்வது வழக்கம். முயல் வளர்க்கும் வீடுகளைப் பார்க்கும்போது, அந்தப் பழமொழி முயலின் விடயத்திலேயே பலித்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது. முயல் கரட் தின்னும், பால் குடிக்கும், பாணும் பிஸ்கட்டும் கொடுத்தால் கொழுத்து வளரும் என்று நாமாகவே முடிவுசெய்து வைத்திருக்கிறோம். அந்த முடிவுக்கு விலை கொடுப்பது வாயில்லாத அந்தக் குட்டிதான்.

பெருநாள் காசு சேர்ந்ததும் நம் தங்கைமார் பலர் ஆசைப்பட்டுக் கேட்பது ஒரு முயல் குட்டி. கூட்டில் இருப்பவற்றுள் மிகச் சிறியதையே தெரிவு செய்கிறார்கள். உள்ளங்கையில் அடங்குவதுதானே அழகு! என் மாமியின் எட்டு வயது மகளும் அப்படித்தான் ஒன்றைக் கொண்டுவந்தாள். பாலும் பாணும் ஊட்டினாள். ஐந்தாம் நாள் அது வயிற்றோட்டத்தில் செத்துப்போனது. "நான் நல்லாத்தானே பாத்தன்?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அவள் அன்பில் எந்தக் குறையும் இல்லை. முயலுக்கு எது தேவை என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் வயதைப் பார்ப்போம். குட்டி மூன்று கிழமையளவில் புல்லைக் கொறிக்கத் தொடங்கும். ஆனாலும் 8 கிழமை வரை தாயுடன் இருப்பதே அதற்கு நல்லது. பாலிலிருந்து புல்லுக்கு மாறும் அந்த நாட்களில்தான், உணவைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் அதன் குடலில் நிலைகொள்கின்றன. அதற்கு முன் தாயிடமிருந்து பிரித்து, உணவையும் திடீரென்று மாற்றினால் அந்தச் சிறு வயிறு தாங்காது. ஆகவே வாங்கிய இடத்தில் எதைத் தின்றதோ அதையே முதலில் கொடுத்து, சிறிது சிறிதாகத்தான் மாற்ற வேண்டும். பசுப்பாலும் பால்மாவும் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது உணவு. முயல் புல் தின்னப் பிறந்த பிராணி. அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நாருள்ள புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய்கின்றன. குடல் ஓயாமல் இயங்குவதற்கும் அந்த நார்தான் உதவுகிறது. ஆகவே உணவில் ஐந்தில் நான்கு பங்காவது புல்லோ உலர்புல்லோ இருக்க வேண்டும். நம் ஊர்களில் கினிப்புல் தாராளமாகக் கிடைக்கிறது. களைநாசினி தெளித்த இடத்திலோ, வாகனப் புகை படியும் தெருவோரத்திலோ வெட்டாமல் இருந்தால் போதும். வளரும் குட்டிக்கு முயலுக்கென விற்கும் தீவனமும் கொடுக்கலாம். வல்லாரை, மல்லித்தழை போன்றவற்றை மூன்று மாதமான பிறகு, ஒரு நேரத்தில் ஒரு வகையாக, கொஞ்சமாகத் தொடங்கலாம். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். வெங்காயம், சொக்லேற், அவகாடோ ஆகியவை முயலுக்கு நஞ்சு.

அப்படியானால் கரட்? 1940 முதல் கார்ட்டூனில் கரட் கடித்துக்கொண்டு வரும் பக்ஸ் பனியைப் பார்த்துத்தான் நாம் அதைப் பெரிதாக நம்பிவிட்டோம். கரட்டில் இனிப்பு அதிகம். வளர்ந்த முயலுக்கு எப்போதாவது ஒரு சிறு துண்டு கொடுக்கலாம். நமக்கு வட்டிலப்பம் எப்படியோ அதற்குக் கரட் அப்படி. மூன்று வேளையும் வட்டிலப்பம் சாப்பிட்டால் நம் கதி என்ன?

வெயிலும் ஒரு பகைதான். வீட்டு முயலின் மூதாதையர் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்தவர்கள். 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரையான குளிர்ச்சியே அதற்கு இதம். நம் கரையோர ஊர்களில் நண்பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது சாதாரணம். கூட்டைத் தகரக் கூரையின் கீழ் வைக்காமல், காற்றோட்டமான நிழலில் வையுங்கள். தரை ஈரமின்றி இருக்கட்டும். புழுக்கை உணவில் கலந்தால் குட்டிகளைத் தாக்கும் குடல் ஒட்டுண்ணிகள் பரவும்.

பெற்றோரிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். முயல் அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசர நிலை. நாளை பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் மிஞ்சியிருக்கும் பிள்ளைகளின் மருந்தையும் ஊற்றாதீர்கள். நாம் சாதாரணமாகப் பாவிக்கும் அமொக்சிசிலின், வாய்வழி கொடுத்தால் முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து அதன் உயிருக்கே ஆபத்தாகும். பிரதேச அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியசாலையும் உண்டு.

"ஒரு முயலுக்கு இவ்வளவு பாடா?" என்று சிலர் கேட்பது எனக்குத் தெரியும். நன்றாக வளர்த்தால் முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வாழும். ஆறாம் தரத்தில் வாங்கிய குட்டி, அந்தப் பிள்ளை சாதாரண தரமும் உயர்தரமும் எழுதி முடித்த பிறகும் கூட்டில் இருக்கும். பெருநாளோடு முடிந்துபோகும் விளையாட்டுச் சாமான் அல்ல அது. நம் கையில் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம்.

பிள்ளை முயல் கேட்டால் மறுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. குட்டிக்கு 8 கிழமை ஆகிவிட்டதா என்று விற்பவரிடம் கேளுங்கள். தினமும் யார் புல் வெட்டுவது, யார் கூடு கழுவுவது, பரீட்சைக் காலத்தில் யார் பார்ப்பது என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். இவற்றுக்கு விடை இருந்தால் தாராளமாக வாங்குங்கள். விடை இல்லையென்றால், அடுத்த பெருநாள் வரை அந்தக் குட்டி தாயோடு இருக்கட்டும்.