போஸ்ட்கிரஸ் 18: கைதட்டல் ஒன்றுக்கு, நிம்மதி இன்னொன்றால்

2025 செப்டம்பர் 25-ம் தேதி போஸ்ட்கிரஸ் 18 வெளியானது. ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் உலகின் பெரிய பெயர் இது. வருஷத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும். கூடவே டெவலப்பர்களுக்குள் ஒரு சண்டையும் வரும்: 'இதுல எது உண்மையிலேயே முக்கியம்?'

இந்த முறை கைதட்டல் மொத்தமும் அசின்க்ரனஸ் ஐஓ-வுக்குத்தான். டிஸ்க்கிடம் ஒரு துண்டு டேட்டாவைக் கேட்டுவிட்டு, அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பது போஸ்ட்கிரஸின் பழைய வழக்கம். இனி பல துண்டுகளை ஒரே நேரத்தில் கேட்டுவிட்டு, வேலையைத் தொடரும். டிஸ்க்கிலிருந்து படிப்பதில் 3 மடங்கு வரை வேகம் என்கிறது போஸ்ட்கிரஸ் குழு. கிளவுடில் ஓடும் பெரிய டேட்டாபேஸ்களுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் இது படிப்பதற்கு மட்டும். எழுதுவது பழைய வழியில்தான் நடக்கிறது. உங்கள் டேட்டா மொத்தமும் மெமரியிலேயே அடங்கிவிடும் என்றால், பெரிய வித்தியாசம் எதுவும் தெரியாது.

இன்னொரு கோஷ்டி 'யூயூஐடி 7' பக்கம். பழைய யூயூஐடி 4 முழுக்க ரேண்டம் எண் என்பதால், புதுப் பதிவுகள் இண்டெக்ஸில் கண்டபடி சிதறும். 7 நேர வரிசையில் வருவதால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு எச்சரிக்கை: அந்த ஐடியைப் பார்த்தே பதிவு எப்போது உருவானது என்று சொல்லிவிடலாம். வெளியே தெரியும் லிங்க்கில் போடும்முன் ஒருமுறை யோசியுங்கள்.

என் ஓட்டு இரண்டுக்கும் இல்லை. பலர் ஒரு வரியில் தாண்டிப் போகும் ஒரு விஷயத்துக்கு: பதிப்பு மாறும்போது பிளானரின் புள்ளிவிவரங்கள் அழியாமல் கூடவே வருகின்றன.

அதென்ன புள்ளிவிவரம்? எந்த டேபிளில் எத்தனை வரிசை, எந்த மதிப்பு அதிகம் வருகிறது என்று போஸ்ட்கிரஸ் ஒரு கணக்கு வைத்திருக்கும். ஒரு குவெரி வந்தால், இண்டெக்ஸ் வழியே போவதா, முழு டேபிளையும் புரட்டுவதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். பிஜி அப்கிரேட் மூலம் பதிப்பை மாற்றினால் டேட்டா வரும், இந்தக் கணக்கு வராது. இதுவரை அப்படித்தான். ராத்திரி 2 மணிக்கு அப்கிரேட் வெற்றிகரமாக முடிந்திருக்கும். காலையில் ஆட்கள் உள்ளே வந்ததும், மில்லி செகண்டில் முடிந்த குவெரி நிமிடக்கணக்கில் இழுக்கும். 'அனலைஸ்' ஓட்டிக் கணக்கை மறுபடி உருவாக்கவேண்டும். பெரிய டேட்டாபேஸில் அதற்கே மணிக்கணக்கில் ஆகலாம். 18-க்கு மாறும்போது இந்த இடைவெளி பெரும்பாலும் இல்லை. 'கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' போட்டு நீங்களாக உருவாக்கியவை மட்டும் வராது. அவற்றுக்கு அனலைஸ் தேவை.

'அப்கிரேட் எப்போதோ ஒருமுறை, வேகம் தினமும் கிடைக்குமே?' என்று கேட்கலாம். சரி, அப்கிரேட் ஏன் எப்போதோ ஒருமுறை? அந்தக் காலை நேரத்துக்குப் பயந்துதான் பல டீம்கள் தள்ளிப்போடுகின்றன. ஒரு பதிப்புக்கு ஆதரவு 5 வருஷம் மட்டும். பதிப்பு 13-க்கு 2025 நவம்பரோடு முடிந்தது. பயத்தில் பழைய பதிப்பிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு 3 மடங்கு வேகம் எப்படிக் கிடைக்கும்?

மாறப்போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 18-ல் டேட்டா செக்சம் தானாகவே ஆன் ஆகியிருக்கும். பழைய சர்வரில் அது ஆஃப் என்றால், பிஜி அப்கிரேட் 'இரண்டும் பொருந்தவில்லை' என்று நின்றுவிடும். பழையதை நிறுத்திவிட்டு அதில் செக்சமை ஆன் செய்யலாம். நேரமில்லையா? புதியதை உருவாக்கும்போதே ஆஃப் செய்துவிடுங்கள். எது என்பதை அப்கிரேட் ராத்திரிக்கு முன்பே முடிவு செய்துவையுங்கள்.